நெகடிவ்வுக்குப் பூட்டு எதற்கு?

2006-இல் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம். ஸ்டுடியோக்காரர் ஒரு ஆல்பமும் கூடவே ஒரு டிவிடியும் கொடுத்தார். ஆல்பம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊறிப் பக்கங்கள் ஒட்டிப்போயின. டிவிடி பரண்மேல் இருந்ததால் தப்பியது. படம் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டோம்.

போன மாதம் அம்மாவின் திதிக்கு ஒரு படம் வேண்டுமென்று அதைப் போட்டுப் பார்த்தால், உள்ளே எல்லாம் ரா கோப்புகள். அக்கா மகனின் புதுக் கணினி திறக்க முடியாது என்று கையை விரித்துவிட்டது. ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை.

ரா என்பது கேமரா சென்சார் எண்ணிய எண்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரே ஒரு நிற வடிகட்டி இருக்கும்: பாதிக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1970-களில் கண்டுபிடித்த ஏற்பாடு. விடுபட்ட நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணக்கிட்டால்தான் படம் வரும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 12 பிட் ராவில் 4096. தொழில்காரர்களுக்கு அது தேவைதான், மறுக்கவில்லை.

என் சண்டை வேறு. பல கம்பெனிகள் தங்களுக்கென்று ஒரு ரா வகையை வைத்துக்கொண்டு, அதன் அமைப்பை ஏன் வெளியில் சொல்வதில்லை? 2005-இல் நிக்கான் தன் டி2எக்ஸ் கேமராவில் நிறச் சமன் விவரத்தையே மறையெழுத்தில் எழுதியது. படம் எடுத்தவனுக்கே பூட்டு!

“ரா என்பது நெகடிவ் மாதிரி சார்” என்பார்கள். நம் வயதுக்காரர்களிடம் அதைச் சொல்லாதீர்கள். நெகடிவ்வை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் யார் நிற்கிறார்கள் என்று தெரியும். அதற்கு எந்தக் கம்பெனியின் அனுமதியும் வேண்டாம்.

பூட்டை உடைத்தவர் டேவ் காஃபின் என்ற அமெரிக்கர். 1997-இல் தொடங்கி, நூற்றுக்கணக்கான கேமராக்களின் கோப்புகளைப் பிரித்துப் படித்து, டிசிரா என்ற நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார். ஒரே ஒரு சி கோப்பு. 2018-க்குப் பிறகு புதுப் பதிப்பு இல்லை. அதிலிருந்து கிளைத்த லிப்ரா தொடர்கிறது.

என்னிடமுள்ள பழைய மடிக்கணினியில் கறுப்புத் திரையும் எழுத்தும் மட்டும்தான் வரும். அதில் டிசிராவை ஓட்டி, வந்த படத்தைச் சுருக்கி, வெளிச்சத்துக்கேற்ப எழுத்தாக மாற்றினேன். இருட்டுக்கு வெற்றிடம், பிறகு புள்ளி, கூட்டல் குறி, பளிச்சென்ற இடத்துக்கு அட் குறி. எழுத்தின் உயரம் அகலத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால், 3:2 படம் 72 எழுத்துக்கு 24 வரியாக அமைந்தது. முதல் தடவை முக்கால் திரை இருட்டு. சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுகிறது, நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. காமா திருத்தம் போட்டதும் சரியாயிற்று.

“போன்ல இவ்வளவு தெளிவா படம் வர்ற காலத்துல இது எதுக்கு மாமா?” என்று சிரித்துக்கொண்டிருந்தான் அக்கா மகன். 60 லட்சம் புள்ளிகள் வெறும் 1728 எழுத்துகளாகிவிட்டன. எட்ட நின்று பார்த்தவன், “பாட்டி!” என்றான். வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் அம்மா. பிறகு அதே கோப்பை ஜேபெக்காக்கி, பிரிண்ட் போட்டு, திதிக்கு வைத்தோம்.

புகைப்படக்காரர்களே, ரா கொடுத்தால் கூடவே ஜேபெக்கும் கொடுங்கள். கம்பெனிக்காரர்களே, கோப்பின் அமைப்பை வெளியிடுங்கள். நண்பர்களே, வீட்டிலுள்ள டிவிடிகளை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். வைத்திருப்பது மட்டும் போதாது, திறந்து பார்க்க முடிந்தால்தான் அது நம் படம்.