ஆறு பெட்டியும் ஒரு பெட்டியும்

நம் நாட்டு இல்லங்களின் முன்கூடங்களில் நாற்பதாண்டு காலம் வீற்றிருந்த இசைப் பெட்டிகள் இன்று ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறி வருகின்றன. இசைத்தட்டுச் சுழலி, வானொலி வாங்கி, ஒலிநாடாப் பெட்டி, இறுவட்டு இயக்கி, முன்விரியலாக்கி, வலு விரியலாக்கி எனத் தனித்தனியே ஆறு பெட்டிகள். அவற்றின் பின்னே கொடிபோற் பின்னிக் கிடக்கும் கம்பிகள். இருமருங்கும் இடுப்பளவு உயர்ந்த ஒலிபெருக்கிகள். வீட்டுக்கு வருவோர் முதலிற் காண்பது சுவாமிப் படமா இப்பெட்டிகளா என்று ஐயுறும் அளவுக்கு இவை இடத்தை அடைத்து நின்றன. இவையனைத்தும் கூடிச் செய்த பணியை, அகராதி ஒன்றின் பருமனுள்ள சிறு பெட்டி இன்று தனித்து நின்று செய்துவிடுகின்றது. பழையதைக் கொடுத்துப் புதியதைக் கொள்ளலாமா என்று பழைய மாணவர் பலர் வினவுகின்றனர். இவ்வினா நம் கல்லூரி மண்டபம் வரை வந்துவிட்டமையால், மலரிலே சில வார்த்தை எழுதுவது தகும் என எண்ணினோம்.

தமிழாசிரியர் இதில் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்பாரும் உளர். விரியலாக்கி என்னும் சொல்லைப் பாடநூல் வழங்குகின்றது. திருகோணமலை வீதிக் கடையில் ‘அம்ப்’ என்றால்தான் விளங்கும். வகுப்பில் முன்னதையும் கடையிற் பின்னதையும் வழங்கிப் பழகிய நமக்கு இரண்டு பக்கமும் ஓரளவு தெரியும் என்பதே நமது தகுதி.

எல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்குவது புதுமை என எண்ணுவோர், நம் பாட்டன்மார் காலத்து ரேடியோகிராமை மறந்தவராவர். அழகிய மரப்பேழை, மேல்மூடியைத் திறந்தால் இசைத்தட்டுச் சுழலி, முன்புறம் வானொலி, உள்ளே வால்வு விரியலாக்கி, கீழே ஒலிபெருக்கி. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் பங்களாக்களிலும் நகரத்து வணிகர் இல்லங்களிலும் கிரண்டிக், பிலிப்ஸ் முதலிய பெயர் தாங்கி அது இருந்தது. 1949இல் ரேடியோ சிலோன் என்று பெயர் பெற்ற நிலையம், 1950இல் வர்த்தக சேவையைத் தொடங்கிக் கடல் கடந்த தமிழ்நாட்டையும் தன்பாற் செவிசாய்க்கச் செய்த காலம் அது. பின்னர் ஒலித் தூய்மையை நாடியவர்கள் அப்பேழையைப் பிரித்தனர். சுழலியின் அதிர்வு ஒலிபெருக்கியோடு சேரலாகாது, வலு விரியலாக்கியின் வெப்பமும் இரைச்சலும் நுண்ணிய பகுதிகளைத் தாக்கலாகாது என்னும் காரணங்கள் நியாயமானவையே. ஆகவே ஒன்று ஆறாயிற்று. இன்று ஆறு மீண்டும் ஒன்றாகின்றது.

இலங்கையில் இதற்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாயிருந்தபோது, புதிது வாங்குவதற்கு ஈடாகப் பழுதுபார்த்தலே நடைபெற்றது. ஒரு வால்வு கிடைப்பதற்கு மாதக்கணக்கிற் காத்திருந்தனர். 1977க்குப் பின் கதவு திறந்தது. பயனியர், சன்சுயி, கென்வூட், டெக்னிக்ஸ் என்னும் யப்பானியப் பெயர்கள் கடைகளை நிறைத்தன. மத்திய கிழக்குக்குப் பணிக்குச் சென்றோர் திரும்புகையிற் கொணர்ந்தவற்றுள் ‘செற்’ ஒன்று தவறாது இருந்தது. மகளோ தங்கையோ அந்நிய வீட்டிற் சமையலறையில் உழைத்து ஈட்டியது அது. அதனைத் துணி போர்த்தி வைத்திருந்தவர்களைப் பார்த்து நகைப்போர்க்கு அதன் விலை தெரியாது.

இனிச் சிறு பெட்டியின் பெருமையைச் சொல்லுவோம். பழைய விரியலாக்கியிலே திரான்சிற்றர், பாதி திறந்த நீர்க்குழாய்போல நின்று மின்னோட்டத்தை அளந்து விடுகின்றது. அளந்து விடாத மிச்சம் வெப்பமாகின்றது. பெட்டியின் மேலே பூனை உறங்குவதன் காரணம் அதுவே. ‘பி’ வகுப்பு எனப்படும் அமைப்பில் கணக்குப்படி அடையத்தக்க உச்சத் திறனே நூற்றுக்கு 78.5 ஆகும், நடைமுறையில் அவ்வளவும் கிடையாது. புதிய ‘டி’ வகுப்பு அமைப்பிலோ திரான்சிற்றர் முற்றாகத் திறக்கும், அல்லது முற்றாக மூடும். வினாடிக்குப் பல இலட்சம் தடவை இவ்வாறு திறந்து மூடி, எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதாலேயே இசையின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும். இறுதியில் ஒரு வடி அத்துடிப்பைச் சமன்செய்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும். ஆதலின் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலும் திறன் பெறுவது இயல்வதாயிற்று. வெப்பம் குறைந்தமையால் அலுமினியச் சிறகுகள் சுருங்கின. மின்வழங்கியும் உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்குவதால், இரும்பும் செம்பும் சேர்ந்து பல கிலோ நிறுத்த நிலைமாற்றி உள்ளங்கைக்குள் அடங்கிற்று. இவ்வெண்ணம் புதியதன்று. 1964இலேயே இங்கிலாந்தில் சிங்கிளேயர் நிறுவனம் இத்தகைய ஒன்றைத் தாமே பொருத்திக்கொள்ளும் தொகுதியாக விற்றது. அக்காலத்துத் திரான்சிற்றர்களின் விரைவு போதாமையால் அது சோபிக்கவில்லை.

மின்கட்டணம் 2022 ஆகத்தில் நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்ததை எவரும் மறந்திரார். சும்மா இருக்கும்போதே 50 வாற்று உண்ணும் பெரிய விரியலாக்கியை நாளொன்றுக்கு 5 மணி நேரம் இயக்கினால் மாதம் ஏழரை அலகு ஆகும். 10 வாற்றோடு அமையும் சிறு பெட்டிக்கு ஒன்றரை அலகே போதும். ஆறு அலகு மிச்சம் பெரிதோ என்பர். 60 அலகு என்னும் கோட்டின் ஓரத்தில் நிற்கும் வீட்டுக்கு அது பெரிதே.

வாற்றுக் கணக்கில் நம்மவர் ஏமாறுவது நெடுங்கால வழக்கம். ஒரு காலத்தில் கையிற் தூக்கும் ஒலிநாடாப் பெட்டியின் முகப்பில் ஆயிரம் வாற்று என்று அச்சடித்து விற்றனர். ஒரு கணத்துக்கும் குறைந்த நேரத்து உச்சத்தைக் கற்பனையிற் கணித்த எண் அது. உண்மையில், வலுவை இருமடங்காக்கினால் ஒலி மூன்று டெசிபெல் மட்டுமே உயரும். செவிக்கு இருமடங்காய்த் தோன்ற வேண்டுமாயின் ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். சாதாரண அறையில் இயல்பாய்ப் பாட்டுக் கேட்பவர் பெரும்பாலும் ஓரிரு வாற்றுக்குள்ளேயே கேட்கின்றார். 1978இல் வெளிவந்த நாட் 3020 என்னும் விரியலாக்கி, 20 வாற்று என்றே தன்னைக் கூறிக்கொண்டு உலகெங்கும் விற்பனையாகித் தன்னினும் பருத்தவற்றை நாணச் செய்தது. பெட்டி பெரிதானால் இசை பெரிதாகும் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். வீட்டிலே இடமின்றி இடர்ப்படுவோர் சிறு பெட்டியை வாங்குக. அதில் யாதொரு வெட்கமுமில்லை. ஒலிபெருக்கிகளை மட்டும் விற்றுவிடாதிருத்தல் நன்று. அவை நல்லனவாயின் புதிய பெட்டியோடும் இசைந்து பாடும்.

ஆயினும் வாங்குவதன் முன் அறிய வேண்டியன சில உள. இசைத்தட்டு ஊசியிலிருந்து எழும் சைகை சில மில்லிவோல்ற்று அளவே. இறுவட்டு இயக்கி தருவதோ ஏறத்தாழ 2 வோல்ற்று. அச்சிறு சைகையைப் பெருக்குவதோடு, 1954இல் நியமமாக வகுக்கப்பட்ட முறைப்படி தாழ்ந்த சுரங்களை உயர்த்தி உயர்ந்தவற்றைத் தாழ்த்தவும் வேண்டும். இதற்குரிய வாயில் பல சிறு பெட்டிகளில் இல்லை. கடைக்காரர் ‘எல்லாம் உண்டு அண்ணே’ என்பார். பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தே காசு கொடுக்க வேண்டும்.

இன்னொன்று பழுது. ஆறு பெட்டியில் ஒன்று நின்றால் ஐந்து இயங்கும். வெப்பத்தில் உலர்ந்துபோன கொள்ளளவியை மாற்றிக் கொடுக்கும் கைவினைஞர் நம் ஊர்களில் இன்னும் சிலர் உளர். சிறு பெட்டியிலோ அனைத்தும் ஒரே பலகையிற் பொடிப்பொடியாய் ஒட்டப்பட்டிருக்கின்றன; ஒன்று போனால் பலகை போயிற்று. அன்றியும் இணையத்தோடு பிணைந்த பெட்டிகளின் ஆயுளை வாங்கியவர் நிருணயிப்பதில்லை. அமெரிக்க சோனோஸ் நிறுவனம் தன் பழைய கருவிகள் சிலவற்றுக்கு 2020 மே மாதத்தோடு மென்பொருட் புதுப்பித்தலை நிறுத்துவதாக அவ்வாண்டு சனவரியில் அறிவித்தது. 2024 மே மாதத்தில் அதன் செயலி மாற்றப்பட்டபோது நன்றாயிருந்த பெட்டிகளும் இடர்ப்பட்டன. 2025 சனவரியில் அதன் தலைமை அதிகாரி பதவி விலகும் அளவுக்கு அது முற்றியது. வாங்குவோர் கம்பி வழியே சைகை ஏற்கும் சாதாரண வாயிலும், கையால் திருகும் குமிழும் உள்ள பெட்டியைத் தெரிவாராயின், செயலி மறைந்த பின்னரும் அது விரியலாக்கியாகவேனும் எஞ்சும்.

நாம் பெரிதும் கவலுவது ஒலிநாடாவைப் பற்றியே. ஆறு பெட்டியில் ஒன்றாகிய ஒலிநாடா இயக்கி, புதிய ஒரு பெட்டிக்குள் இடம்பெறவில்லை. ஆறையும் ஒருசேரப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளும்போது அதுவும் போய்விடுகின்றது. பாட்டுகள் போனால் போகட்டும். அவை இணையத்திற் கிடைக்கும். 2021 முதல் ஸ்பொட்டிபை இலங்கைக்கும் வந்துவிட்டது. எங்கும் கிடையாத குரல்கள் அந்நாடாக்களில் இருக்கின்றனவே, அவற்றை யாது செய்வது?

1964 ஒக்டோபர் 30இல் ஒப்பமிடப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஆளைக் கேட்டுப் பிரித்த பிரிவன்று அது. ஒரே லயத்தில் அண்ணன் இருக்கத் தம்பி சென்றான். இரத்தோட்டை, எல்கடுவை, கந்தேநுவரைப் பகுதித் தோட்டங்களிலிருந்து சென்றவர்கள் நீலகிரி முதலிய இடங்களிற் குடியேறினர். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் சென்ற கப்பல் 1984இல் நின்றது. எழுதப் படிக்க அறியாத தாய் தன் மகனுக்குக் கடிதம் எழுதுவதெப்படி? நாமறிந்த வீடுகள் சிலவற்றில், யாரிடமேனும் இரவல் வாங்கிய பெட்டியின் முன் குடும்பத்தார் முறைவைத்துப் பேசினர். அந்நாடா பயணம் போவோர் கையிற் சென்றது. மறுமொழியும் நாடாவாகவே வந்தது. வளைகுடா நாடுகளுக்கும் இவ்வாறே சென்றன. அவற்றிலே தாலாட்டும் ஒப்பாரியும் உண்டு. காமன் கூத்துப் பாடலும் உண்டு. கொழுந்து விலையும் மாட்டுக் கன்று ஈன்ற செய்தியும் உண்டு. தோட்டத் தமிழின் பேச்சோசையை அறிய விரும்பும் ஆராய்ச்சியாளனுக்கு இவற்றினும் உயர்ந்த சான்று வேறில்லை. 1983 ஆடிக் கலவரத்தில் மாத்தளையிலும் தமிழர் கடைகளும் உடைமைகளும் எரிந்தன. அதற்குத் தப்பி அலுமாரியில் எஞ்சிக் கிடப்பவை சிலவே. அவற்றையும் மலைநாட்டு ஈரத்தாற் பூஞ்சணம் தின்கின்றது.

ஒலிநாடா வினாடிக்கு 4.76 சதமமீற்றர் மட்டுமே நகரும், நான்கு மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலமுள்ள ஒடுங்கிய நாடா. அதனை வாசிக்கும் தலை இம்மியளவு சாய்ந்தாலும் குரல் போர்வைக்குள் பேசுவதுபோல் மங்கும். நல்ல இயக்கியில் சிறு திருகாணியைத் திருப்பி அச்சாய்வைச் சீர்செய்யலாம். மலிவான கையடக்கக் கருவிகளில் இது செம்மையாய் அமைவதரிது. ஆகவே எண்பதுகளில் வந்த கனத்த இயக்கிகள், பாட்டுக் கேட்பதற்குத் தேவையற்றனவாயினும், இக்குரல்களை மீட்பதற்கு இன்றியமையாதன. அவற்றை நிறுத்து விற்கும் விலை ஒரு நாள் மதிய உணவுக்குங் காணாது.

இனிக் கல்லூரி மண்டபம். அங்குள்ள பழைய தொகுதியை அகற்றிச் சிறு பெட்டி ஒன்றை நினைவுப் பரிசாக வழங்கலாம் என்று அன்பர் சிலர் முன்வந்துள்ளனர். அவர்தம் நன்மனத்தைப் போற்றுகின்றோம். யோசனையை ஏற்க இயலவில்லை. வீட்டு அறைக்கமைந்த பெட்டி அறுநூறு பிள்ளைகள் அமரும் மண்டபத்தில் ஒலிவாங்கியோடு நின்று தாக்குப்பிடிக்காது. கோயில் திருவிழாக்களில் நாம் காணும் அகுசா போன்ற பொது ஒலிபரப்புக் கருவிகள், நீண்ட கம்பி வழியே 100 வோல்ற்றில் பல ஒலிபெருக்கிகளை இயக்குதற்கென்றே செய்யப்பட்டவை. மண்டபத்துக்கு வேண்டியது அவ்வினம். பரிசளிக்க விரும்புவோர் அதனை அளிப்பாராக.

பழைய தொகுதியை நூல்நிலையத்துக்கு மாற்றுதல் வேண்டும் என்பதே நமது கருத்து. பௌதிகம் பயிலும் மாணவன் மூடியைக் கழற்றி நிலைமாற்றி இது, கொள்ளளவி இது என்று விரல் வைத்துக் காணத்தக்க கருவி அது. மின்னிணைப்பைப் பிடுங்கி, ஆசிரியர் அருகிருக்கத்தான். சனிக்கிழமைகளில் ஊரார் தம் வீட்டு நாடாக்களைக் கொணர்ந்து கணினியிற் பதிந்து செல்ல வழி செய்யலாம். 24 இருமத்துக்கும் 48 கிலோஹேட்சுக்கும் குறையாமற் பதிதல் ஒலி ஆவணக் காப்பகத்தார் உலகளாவ வகுத்த அளவு. சாதாரணக் கணினிக்கு அது பாரமன்று. குடும்பத்தார் இசைந்தால் ஒரு படியை, 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவிற் காத்துவரும் நூலக நிறுவனத்துக்கு அனுப்பலாம், இசையாவிடின் அனுப்பலாகாது. தாயின் அழுகை ஊர்ப்பொருளா வீட்டுப்பொருளா என்பதை அவ்வீட்டாரே தீர்மானிக்க வேண்டும்.

நாடா கொணர்வோர், பேசியவர் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றை அறிந்த அளவுக்கு உறையில் எழுதிக் கொணர்க. பூஞ்சணம் பிடித்ததை வீட்டுப் பெட்டியில் ஓட்டிப் பார்க்க வேண்டாம், அறுந்துவிடும். நம் இயக்கியின் இறப்பர்ப் பட்டி இளகிப் போயுள்ளது. அதனை மாற்றித் தலையைத் துப்புரவு செய்வதற்கான செலவைக் கண்டி கடையொன்றில் விசாரித்துச் சங்கப் பொருளாளரிடம் கொடுத்துள்ளோம்.