மூக்கும் முழியும் ஒரு மெஷினும்

குறட்டை விடுகிறவனுக்குத் தூக்கம் சுகம், பக்கத்தில் படுத்தவனுக்குத்தான் நரகம் என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. 'கொர்ர்...' என்று ஓடிக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று நிற்கிறதே, அப்போது வீடே 'அப்பாடா' என்கிறது. அங்கேதான் சார் வில்லங்கம்! தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகிறது. பத்து செகண்டோ அதற்கு மேலோ மூச்சே கிடையாது. மூளை பதறி எழுப்ப, மறுபடி கொர்ர். மணிக்கு 30 தடவைக்கு மேல் இப்படி ஆனால் தீவிரம் என்கிறார்கள் டாக்டர்கள். 2022-ல் தனது 69-வது வயதில் காலமான இசையமைப்பாளர் பப்பி லஹிரிக்கும் இந்த வியாதிதான்.

என் தங்கை வீட்டுக்காரருக்கும் இதேதான். விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் கணக்கு வேலை, பைக்கில் போக்குவரத்து. கூட்டேரிப்பட்டு அருகே ஒருநாள் கண் சொக்கி, பின்னால் வந்த பஸ்காரர் அடித்த ஹாரனில் பிழைத்தார். டாக்டர் 'சிபாப்' மெஷின் எழுதிக் கொடுத்தார். இரவு முழுக்க முகமூடி வழியே காற்றை அழுத்தமாக ஊதி, பாதையைத் திறந்து வைக்கும் யந்திரம். ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் 1981-ல் வெளியிட்ட கண்டுபிடிப்பு. ஆரம்பத்தில் வாக்குவம் கிளீனர் மோட்டாரைத்தான் திருப்பிப் போட்டு ஊத வைத்தார்களாம்!

நாலாம் நாள் தங்கை போன் செய்தாள். "அண்ணா, மெஷின் பரண்ல ஏறிடுச்சு!"

நான் பி.காம். பரணில் கிடந்தாலும் மெஷினுக்குத் தேய்மானம் உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். மச்சான் மசியவில்லை. "கண்ணுல காத்தடிக்குது மச்சான். வாரை இறுக்கினா மூக்குல தழும்பு. ஆபீஸ்ல கேட்கறாங்க, வீட்டுல அடியான்னு!"

நானும் ரெண்டு வருஷமாக அதே முகமூடிக்காரன் ஆயிற்றே! இறுக்க இறுக்க ரப்பர் மடங்கி இன்னும்தான் ஒழுகும். படுத்துக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு, காற்று கசியாத அளவுக்கு மட்டும் வாரைச் சரி செய்ய வேண்டும். முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் வழுக்கும். முகத்தைக் கழுவுங்கள், ரப்பரையும் தினம் லேசான சோப்பில் கழுவுங்கள். அப்புறமும் சரியாகவில்லையா? சைஸ் தப்பு. மாற்றித்தான் ஆகவேண்டும்.

வாய் வறட்சிக்கு, ஈரக்காற்று தருகிற தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. மச்சான் அதில் போர்வெல் தண்ணியை ஊற்றி உப்புப் படிய வைத்திருந்தார். விழுப்புரம் தண்ணி பக்கெட்டையே வெள்ளையடிக்கும், இதை விடுமா? காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்றணும். வாய் பிளந்து தூங்குகிறவர்களுக்குத் தாடையைத் தாங்க ஒரு பட்டை, அல்லது வாயையும் சேர்த்து மூடும் முகமூடி. ஏ.சி. ரூமில் குழாய்க்குள் தண்ணீர் கோத்து 'களக் களக்' என்றால், குழாய்க்குத் துணிச்சட்டை போட்டுவிடுங்கள்.

வயிறு தவில் மாதிரி உப்பி, காலையில் ஏப்பமாக வருகிறதே? காற்றை விழுங்கியிருக்கிறீர்கள். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பார்க்கலாம். ஆனால் அழுத்தத்தை நீங்களே திருகாதீர்கள். அது டாக்டர் வேலை. முகத்தை மூடினால் மூச்சு முட்டுகிற மாதிரி பயமா? பகலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே அரை மணி மாட்டிப் பழகுங்கள். குழந்தைகள் சிரிக்கும், சிரிக்கட்டும்.

"கரண்ட் போனா?" என்றார் மச்சான். நியாயமான கேள்வி. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை, நம் பக்கம் இருட்டில் கிடந்தது. இன்வெர்ட்டரில் ஓட்டும்போது தண்ணீரைச் சூடாக்குவதை அணைத்துவிட்டால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும்.

மெஷின் பரணிலிருந்து இறங்கி மூணு வாரம் ஆகிறது. ராத்திரிக்கு நாலு மணி நேரம் மாட்டுகிறார். அதற்கு மேல் தூக்கத்திலேயே கழற்றி எறிந்துவிடுகிறாராம். திண்டிவனத்துக்கு இப்போது பஸ்தான். பைக் சாவி தங்கையின் பீரோவில் இருக்கிறது. ஏழு மணி நேரம் மாட்டுகிற வரைக்கும் தருவதாக இல்லை அவள்.