பென் ட்ரைவைத் திறக்க விடுவோம், ரூட் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டாம்



திம்புள்ள, லிந்துல, தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பென் ட்ரைவ் இரண்டாவது புத்தகப் பை. பல வீடுகளில் இன்னும் கணினி இல்லை. கடந்தகால வினாத்தாள், சாதாரண தரத்து தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாட வேலை, ஹட்டன் டவுனில் பிரிண்ட் எடுக்க வேண்டிய பைல் எல்லாம் அதற்குள்தான்.

பழைய கணினிக்கு லினக்ஸ் போடுவதை நாங்கள் வரவேற்கிறோம். லைசன்ஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை, பழைய மெஷினும் ஓடும். ஆனால் சில லெப்களில் பென் ட்ரைவைக் குத்தியதும் நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கேட்கிறது. அதற்குப் பிறகு இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது: "பென் ட்ரைவ் கொண்டுவரத் தடை" என்று கதவில் ஒட்டுவார்கள், இல்லாவிட்டால் சேர் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவார். ஒரு வாரத்தில் பத்தாம் ஆண்டு முழுக்க அது தெரிந்துவிடும்.

கேட்பதற்குக் காரணம் உண்டு. 1969இல் பிறந்த யுனிக்ஸும், அதன் வழியில் வந்த லினக்ஸும் ஒரே மெஷினைப் பலர் பாவிப்பதற்காக அமைந்தவை. வெளியிலிருந்து வரும் டிஸ்க்கை மவுண்ட் செய்தால் அது கணினியின் கோப்பு மரத்தில் ஒரு கிளையாகச் சேர்ந்துவிடும். அதற்குள் ரூட் அதிகாரத்தோடு ஓடும் புரோகிராம் ஒன்று இருந்தால், குத்தியவரே முழு மெஷினுக்கும் எஜமானாகலாம். அதனால்தான் மவுண்ட் செய்வதை ரூட்டிடம் மட்டும் வைத்தார்கள்.

இதற்கு வழி எப்போதோ வந்துவிட்டது. எஃப்எஸ்டேப் என்ற பைலில் அந்த டிரைவுக்கு 'யூசர்' என்று எழுதினால் சாதாரண பயனரும் மவுண்ட் செய்யலாம். கூடவே 'நோசூயிட்', 'நோடெவ்', 'நோஎக்ஸெக்' என்ற மூன்று பூட்டும் தானாக விழும். பைலைத் திறக்கலாம், எழுதலாம். அதிலிருந்து புரோகிராம் ஓட்ட முடியாது, ரூட் அதிகாரமும் எடுக்க முடியாது. இன்றைய உபுண்டு போன்றவற்றில் யூடிஸ்க்ஸ், போல்கிட் என்ற இரண்டும் சேர்ந்து, கணினிக்கு முன்னால் உட்கார்ந்து லொகின் செய்தவருக்கு பாஸ்வேர்ட் கேட்காமலே திறந்து கொடுக்கும். தூரத்திலிருந்து நெட்வேர்க் வழியாக வந்தவருக்குக் கொடுக்காது. பழைய மெஷினுக்காக எல்லாவற்றையும் குறைத்து நிறுவும்போது இந்த ஏற்பாடு விடுபட்டுப் போவதுண்டு. தெரிந்தவர் ஒருவர் இருந்தால் இதைச் சரிசெய்வது பெரிய வேலையில்லை.

"வைரஸ் வராதா?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். 2008இல் கிளம்பிய கொன்ஃபிக்கர் பென் ட்ரைவ் வழியாகவும் விண்டோஸ் கணினிகளில் பரவியது. 2025 ஜூனில் யூடிஸ்க்ஸ் வழியாக ரூட் அதிகாரம் எடுக்கக்கூடிய ஓட்டை ஒன்றும் வெளிவந்து, திருத்தமும் வந்தது. ஆகவே அப்டேட் தவறக் கூடாது. ஆனால் ரூட் பாஸ்வேர்டை வகுப்பே அறிந்திருக்கும் லெப்பில் எந்தப் பூட்டும் பூட்டல்ல.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிக் கொடுப்போம்: 'வெளியேற்று' என்பதை அழுத்தி, முடிந்தது என்று வந்த பிறகே கழற்ற வேண்டும். எழுதிய பைல் சில நேரம் மெமரியிலேயே நிற்கும். அவசரமாக இழுத்தால் ஒரு தவணை வேலை போய்விடும்.

ரூட் பாஸ்வேர்ட் ஓர் அமானிதம். பொறுப்பானவரிடம் மட்டும் இருக்கட்டும். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் இதைக் கேளுங்கள்: "எங்கள் பிள்ளை பாஸ்வேர்ட் இல்லாமல் தன் பென் ட்ரைவைத் திறக்க முடியுமா?" முடியாது என்று பதில் வந்தால், திருத்துவதற்கு ஒரு நாள் குறிக்கச் சொல்லுங்கள்.