பரம்பரை நோயா? பஞ்சு நோயா?

கொங்கு நாட்டில் பெண் பார்க்கப் போகிறவர்கள் தோட்டத்தை விசாரிப்பார்கள். நகையை விசாரிப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றையும் விசாரிப்பார்கள்.

"அந்தக் குடும்பத்தில் யாருக்காவது மூச்சு இழுப்பு உண்டுங்களா?"

"உண்டு" என்று தெரிந்தால் சில சம்பந்தங்கள் அதோடு நின்று போகின்றன. இதற்குப் பயந்து, ஆஸ்துமா மருந்தை ஒளித்து வைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மருந்தையே நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது உயிருக்கே ஆபத்து.

ஆஸ்துமா பரம்பரை நோய்தானா? குற்றம் முழுவதும் ரத்தத்தில்தானா? விஞ்ஞானிகள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

விதையும் மண்ணும்

நம் உடலின் ஒவ்வொரு கூறும் எப்படி அமைய வேண்டும் என்ற குறிப்பு ஜீன்களில் இருக்கிறது. தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி நமக்கு வருகிறது. 2007-ம் ஆண்டு, குழந்தைகளின் ஆஸ்துமாவோடு தொடர்புள்ள ஓர் இடத்தை 17-வது குரோமோசோமில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு இப்படிப்பட்ட இடங்கள் நூற்றுக்கு மேல் தெரிய வந்துள்ளன.

ஆகவே பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் முடிவு அதன் கையில் மட்டும் இல்லை. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு ஜீன்கள் ஒன்றே. அப்படியிருந்தும் ஒருவருக்கு ஆஸ்துமா வந்து, மற்றவருக்கு வராமல் இருப்பதுண்டு!

விவசாயிக்கு இது எளிதில் புரியும். விதை மட்டும் இருந்தால் முளைத்துவிடுமா? மண் வேண்டும். ஈரம் வேண்டும். ஜீன் என்பது விதை. நாம் சுவாசிக்கும் காற்று மண்.

மாட்டுத் தொழுவம் செய்த மாயம்

அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாய சமூகத்தார் இருக்கிறார்கள். இருவரின் முன்னோரும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். ஜீன்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஆனால் ஆமிஷ் குழந்தைகளில் நூற்றுக்கு 5 பேருக்குத்தான் ஆஸ்துமா. ஹட்டரைட் குழந்தைகளில் நூற்றுக்கு 21 பேருக்கு!

ஏன் இந்த வித்தியாசம்? சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜீன் ஆராய்ச்சியாளர் கரோல் ஓபரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். 2016-ல் முடிவை வெளியிட்டார்கள்.

ஆமிஷ் மக்கள் பழைய முறையில் குதிரை, மாடுகளோடு வாழ்கிறார்கள். தொழுவம் வீட்டை ஒட்டியே இருக்கிறது. ஹட்டரைட் மக்களின் பண்ணை பெரியது, இயந்திர மயமானது, குழந்தைகளுக்கு எட்டாத தூரத்தில் இருப்பது. ஆமிஷ் வீட்டுத் தூசியில் எண்டோடாக்சின் என்ற பொருள் சுமார் 7 மடங்கு அதிகமாக இருந்தது. இது சிலவகை பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள பொருள். பாக்டீரியா செத்த பிறகும் இது தூசியில் தங்கியிருக்கும்.

இத்தகைய தூசியைச் சிறு வயதிலேயே சந்தித்த உடல், எதை எதிர்க்க வேண்டும், எதைச் சும்மா விட வேண்டும் என்று கற்றுக்கொள்கிறது. இதுவே விஞ்ஞானிகளின் கருத்து. இதைப் படித்துவிட்டு இழுப்புள்ள குழந்தையைக் கட்டுத்தறியில் கொண்டுபோய்ப் படுக்க வைக்காதீர்கள்! நோய் வந்துவிட்டவருக்குத் தூசி எதிரிதான்.

நம் நாட்டிலும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. எண்டோடாக்சினை உடலுக்குக் காட்டிக் கொடுக்கும் காவல்காரன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் சிடி14. டெல்லி விஞ்ஞானி பலராம் கோஷும் அவரது குழுவினரும் இந்தக் காவல்காரனை உண்டாக்கும் ஜீனை வட இந்திய மக்களிடம் ஆராய்ந்தார்கள். அதிலுள்ள ஒரு சிறு மாறுபாட்டுக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2004-ல் தெரிவித்தார்கள்.

பஞ்சாலைக்குள்ளும் அதே பொருள்!

கோவையில் முதல் பஞ்சாலை 1888-ல் எழுந்தது. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. கொங்கு நாட்டில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது பஞ்சாலைக் கூலியில்தான்.

பருத்திச் செடியில் வாழும் பாக்டீரியாக்கள் பஞ்சோடு ஆலைக்குள் வருகின்றன. பஞ்சை உடைத்துச் சுத்தம் செய்யும் புளோரூமிலும், கார்டிங் பகுதியிலும் தூசி அதிகம். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறது. மூச்சு முட்டுகிறது. அடுத்த நாள் சற்றுக் குறைகிறது. இதற்கு பிசினோசிஸ் என்று பெயர். பார்வைக்கு ஆஸ்துமா போலவே இருக்கும். ஆனால் இது வேறு நோய்.

1987-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி, மூச்சைக் குறைப்பது தூசியின் எடை அல்ல, அதிலுள்ள எண்டோடாக்சினின் அளவே என்று காட்டியது. சீனாவின் ஷாங்காய் நகரில் பஞ்சாலைத் தொழிலாளரையும் பட்டு ஆலைத் தொழிலாளரையும் ஹார்வர்டு பல்கலைக்கழக டாக்டர் டேவிட் கிறிஸ்டியானி 1981 முதல் பல ஆண்டுகள் கவனித்து வந்தார். பஞ்சாலைத் தொழிலாளரின் நுரையீரல் பலம் அதிகமாகக் குறைந்தது. சில ஜீன் மாறுபாடு உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். தூசியை விட்டு விலகியவர்களுக்கோ, நிலைமை ஓரளவு தேறியது.

குழந்தைக்கு நன்மை செய்த பொருள் தொழிலாளிக்குத் தீமை செய்வானேன்? வயதும் அளவும்தான் காரணம். பால்குடிப் பருவத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவது வேறு. தினம் 8 மணி நேரம், ஆண்டுக்கணக்கில், நெஞ்சு நிறைய இழுப்பது வேறு.

யார் பொறுப்பு?

இங்கேதான் ஓர் ஆபத்து இருக்கிறது. "உன் பரம்பரை அப்படி" என்று சொல்லித் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்புவது சுலபம். ஆனால் ஜீன் எத்தனையோ தலைமுறையாக இருந்து வருகிறது. நோயைக் கிளப்பிவிட்டது தூசி. ஜீனை மாற்ற நம்மால் முடியாது. தூசியைக் குறைக்க முடியும்! தூசியை உறிஞ்சி வெளியேற்றும் கருவி, முகக் கவசம், ஆண்டுதோறும் ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை ஆகியவை தேவை. பிசினோசிஸ் தொழில் நோய் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்கலாம்.

ஆலையில் வேலை செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். லீவு முடிந்த முதல் நாளில் மட்டும் நெஞ்சு இறுகுகிறதா? டாக்டரிடம் போகும்போது, என்ன நோய் என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் பகுதியில், எத்தனை வருஷம் வேலை என்பதையும் சொல்லுங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் உடனே நிறுத்துங்கள்.

சம்பந்தம் பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இழுப்பு உள்ள பெண்ணும் ஒழுங்காக மருந்து எடுத்துக்கொண்டால் வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம், நிறைவாக வாழலாம். ஆகவே "இழுப்பு உண்டா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொள்ள எங்கள் வீட்டில் தடை இருக்காது" என்று சொல்லுங்கள். ஒளித்து வைத்த மருந்து வெளியே வரும். ஓர் உயிர் பிழைக்கும்.