ஈடுசெய்யாத மறுவுலகம்

மரணத்துக்குப் பிந்தைய உலகைச் சொல்லும் நாவலொன்றைப் பதின்வயதினருக்குத் தேர்ந்தெடுக்கும்போது நாம் பெரும்பாலும் ஆறுதலையே தேடுகிறோம். அது பிழையான அளவுகோல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேப்ரியேல் ஸெவினின் 'எல்ஸ்வேர்' (2005) நாவலில் 15 வயது லிஸ், சைக்கிளில் செல்கையில் டாக்ஸி மோதி இறக்கிறாள். கப்பலில் அவள் சென்றடையும் மறுவுலகில் சொர்க்கமில்லை, நரகமில்லை, தீர்ப்புமில்லை. அவள் பிறக்கும் முன்பே இறந்துபோன பாட்டி அங்கே இளமையோடு எதிர்ப்படுகிறாள். அவ்வுலகில் எல்லோருக்கும் வயது பின்னோக்கி நகர்கிறது; கைக்குழந்தையானதும் பூமிக்குத் திரும்பி மீண்டும் பிறக்கிறார்கள். அப்படியானால் 80 வயதில் இறந்தவருக்கு அங்கே 80 ஆண்டுகள், லிஸுக்கோ 15தான். பூமியில் இழந்த வயதை மறுவுலகமும் ஈடுசெய்வதில்லை. நாவலின் நேர்மை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. தொலைநோக்கி வழியே தன் வீட்டாரைப் பார்த்தபடியே நாட்களைக் கழிப்பவள், கிடைத்த அந்த ஆண்டுகளை மெல்ல வாழத் தொடங்குகிறாள்.

துக்கத்திலிருக்கும் பிள்ளையிடம் இதை மருந்துபோல நீட்ட வேண்டாம். வீட்டில் ஒரு சாவு நிகழுமுன்பே, வெறும் கதையாக வாசிக்கக் கொடுத்துவிடலாம். பொய்யாறுதல் சொல்லாத புத்தகம் தேவைப்படும் நாளில் அவர்களே அதைத் தேடி எடுத்துக்கொள்வார்கள்.