ஜால்ரா என்று திட்டாதீர்கள்!

தலைவர் பேசி முடிப்பதற்குள் கை தட்டுகிறவரை என்ன சொல்லித் திட்டுவீர்கள்? 'சரியான ஜால்ரா!' மேனேஜரின் மொக்கை ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரிக்கிறவர்? அவரும் ஜால்ராதான். டீக்கடையில் நடக்கிற பாதி அரசியல் விமர்சனம் இந்த ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது.

எனக்கு இதில் ஓர் ஆட்சேபம் உண்டு. அரசியல்வாதிக்காக அல்ல, ஜால்ராவுக்காக!

ஒரு பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போயிருந்தேன். கூட வந்தவன் நண்பரின் மகன். சென்னையில் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறான். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க அவன் பேசியது ஒரே விஷயம்தான். சிம்பல். டிரம்ஸுக்கு மேலே ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்குமே, பொன்னிற வட்டத் தகடு, அது. அவசரத்துக்கு அடுத்தவர் டிரம்ஸில்கூட வாசித்துவிடுவானாம். சிம்பல் மட்டும் தன்னுடையதைத்தான் பையில் தூக்கிக்கொண்டு போவானாம்.

''அப்படி என்னடா இருக்கு அதுல?'' என்று கேட்டேன். தப்பு என்னுடையதுதான். பாடமே எடுத்துவிட்டான்.

காலால் மிதித்துச் சேர்க்கும் ஜோடி, ஹை-ஹாட். பெரும்பாலும் 14 அங்குலம். குழுவின் நாடித்துடிப்பு அதில்தான். ஓடுகிற தாளத்தை இழுத்துச் செல்வது ரைடு. 20 அங்குலம், அதற்கும் மேல். உச்சத்தில் வெடிப்பது கிராஷ். 16 அல்லது 18 அங்குலம். மெல்லிய தகடு சட்டென்று பேசிச் சட்டென்று அடங்கும். கனத்த தகட்டில் குச்சி படுகிற ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்கும். அளவு மீறினால் பாடகனின் குரலையே விழுங்கிவிடும். கையால் சுத்தியல் போட்டுச் செய்ததில் இரண்டு தகடு ஒரே மாதிரி ஒலிக்காது. அதனால் கடையில் நாலைந்தைத் தட்டிப் பார்த்துத்தான் ஒன்றை எடுப்பார்கள். வாங்கிய பிறகும் செல்லம்தான். நேராக அறையக் கூடாது. விளிம்பில் சாய்வாகத் தட்டி விலக வேண்டும். ஸ்டாண்டில் இறுக்கிப் பூட்டினால் விரிசல் விடும். அது ஆட இடம் கொடுக்க வேண்டும்.

இன்றைய இஸ்தான்புல்லில் 1623-ல் ஓர் ஆர்மீனியர் தொடங்கிய ஜில்ஜியன் கம்பெனி, இன்றைக்கும் அமெரிக்காவில் சிம்பல் செய்கிறது. 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். 'ஜில்ஜியன்' என்றால் தாளம் செய்கிறவர் வம்சம் என்று அர்த்தம். சுல்தான் கொடுத்த பெயர்.

அங்கே தாளம் பட்டப்பெயர். இங்கே வசைச்சொல்!

கிரிவலம் முடித்து, ஒரு சந்தில் இருந்த சின்னக் கோயிலில் நின்றோம். தீபாராதனை நேரம். பூசாரி சுவிட்சைத் தட்டினார். மோட்டார் சுற்ற, முரசு, மணி, தாளம் எல்லாம் சேர்ந்து 'டமடம டங்டங்' என்று அலற ஆரம்பித்தன. தீபம் மெதுவாக ஏறுகிறது. மெஷினுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அதே வேகம், அதே அறை. பையன் என் காதில் கத்தினான்: ''அங்கிள், இதுல டெம்போ எங்கே மாத்தறது?''

பூசாரியிடம் கேட்டேன். ''முன்னே ஒரு பெரியவர் தாளம் போட்டுக்கிட்டிருந்தாரு சார். அவர் காலமாயிட்டாரு. மகன் செல்போன் கடையில இருக்கான். இந்த மெஷின் ஒருத்தர் உபயம்'' என்றார்.

யோசித்துப் பாருங்கள். இது திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய ஊர். சம்பந்தர் யார்? குழந்தை கை தட்டிப் பாடியதைப் பார்த்துத் திருக்கோலக்காவில் சிவபெருமானே பொற்றாளம் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். பொன் அழகாக இருக்கும், கணீரென்று ஒலிக்காதே! அதற்கு ஓசை கொடுத்தது அம்பாள். அங்கே அம்பாளுக்குப் பெயரே ஓசை கொடுத்த நாயகி. நம் தேவாரமே கையில் ஜால்ராவோடுதான் ஊர் ஊராக நடந்தது. சந்தத்துக்கென்றே பிறந்த அருணகிரிநாதரின் ஊரும் இதுதான். இந்த ஊரில், டெம்போ மாற்றத் தெரியாத மோட்டார்!

'மெஷினுக்குச் சம்பளம் வேண்டாம், ஆள் எங்கே கிடைக்கிறான்?' என்று கேட்பீர்கள். ஆள் இல்லை என்பது பொய். அதே கிரிவலப் பாதையில் சிவனடியார் குழுக்கள் கயிலாய வாத்தியம் முழக்கிக்கொண்டு வரும்போது பாருங்கள். பெரிய பெரிய தாளங்களை ஏந்தி வருகிறவர்களில் எத்தனை இளவட்டங்கள்! சம்பளம்? அறநிலையத்துறையின் பெரிய கோயில்களில் நாதஸ்வரம், தவில் மாதிரி தாளத்துக்கும் தனிப் பணியிடம் உண்டு. சந்துக் கோயிலுக்கு அந்த வசதி இல்லைதான். ஆனால் ட்யூப்லைட்டில் வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்குப் பெயர் எழுதத் தெரிந்த நமக்கு, ஒரு பையனுக்கு மாதாமாதம் தாளத்துக்கு உபயம் கொடுக்கத் தோன்றவில்லையே. மனிதன் மேல் பெயர் எழுத முடியாது என்பதாலா?

உண்மையான காரணம் வேறு. தாளம் போடுவதை ஒரு வேலையாகவே நாம் மதித்ததில்லை. கச்சேரி நோட்டீஸில் நாதஸ்வரக்காரர் பெயர் இருக்கும், தவில்காரர் பெயர் இருக்கும். தாளக்காரர் பெயர் எங்கே? மதிக்காத வேலைக்கு எவன் மகனை அனுப்புவான்?

பரதநாட்டிய மேடையைப் பாருங்கள். நட்டுவனார் கையில் இரண்டு சின்னத் தாளம், ஒன்று எஃகு, ஒன்று பித்தளையோ வெண்கலமோ. ஆடுகிறவர் கால் அதைத்தான் கேட்கிறது. ஜால்ரா யாருக்கும் தலையாட்டுவதில்லை. எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும், தாளம் தப்பி ஓடினால் அத்தனை பேர் எதிரிலும் காட்டிக்கொடுத்துவிடும். முகத்துக்கு நேரே தப்பைச் சொல்கிற அந்த ஆளின் பெயரைத்தான் நாம் துதிபாடிக்கு வைத்திருக்கிறோம்.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒருவரை 'ஜால்ரா' என்று திட்ட வாய் வந்தால் மாற்றிச் சொல்லுங்கள், 'கோயில் மெஷின்' என்று. சுவிட்சை யார் போட்டாலும் அது ஒரே மாதிரிதான் அடிக்கும். பொருத்தமான பெயர்!