கோழி அடைகிடந்த கார்

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர் ஒருநாள், இளம் நிருபர் ஒருவர் என் மேசைக்கு வந்து நின்றார். “அண்ணன், முதல் கார் என்ன எடுக்கலாம்?” என்பது அவருடைய கேள்வி. அந்நியச் செலாவணி இல்லையென்று 2020 மார்ச்சில் பூட்டப்பட்ட கதவு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்துத் திறந்திருந்தது. வந்திறங்கும் வாகனங்களின் விலைக்கும், வரிகளைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு நிருபரின் சம்பளத்துக்கும் எந்த உறவும் இல்லை. அது அவருக்கும் தெரியும். ஆசைக்கு விலை தெரியாது.

“எந்தக் கார் என்பது பிறகு. இரவில் வந்து கதவைத் தட்டுவார்கள், எழும்பிப் போவீரா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“இப்ப ஆரண்ணன் தட்டுற? 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் வந்திடுமே.”

அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனாலும் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் என் முதல் காரைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அது எனக்கு வந்தது 2002ஆம் ஆண்டின் கடைசியில். பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகிப் பத்து மாதங்களாகியிருந்தன. களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஐயா ஒருவரின் வளவில், கிடுகுக் கொட்டிலுக்குள், செங்கல் அடுக்கின்மேல் நின்றது அந்த மொறிஸ் மைனர். நாலு சில்லும் கழற்றி வீட்டுக்குள் வைக்கப்பட்டிருந்தன. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட கிழமை நிறுத்திய காரை அவர் பிறகு எடுக்கவேயில்லை. பின்னிருக்கையில் ஒரு கோழி அடைகிடந்தது.

விலை பேசி முடித்தோம். என் ஏழு மாதச் சம்பளம்; அதில் பாதி கடன். முற்பணத்தை வாங்கி மடித்து வைத்த பிறகு ஐயா சொன்னார்: “கோழிய எழுப்பக் கூடாது தம்பி. குஞ்சு பொரிக்கட்டும், மறுகா கொண்டு போங்க.” இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. ஒன்றுவிட்ட ஒருநாள் போய்ப் பார்த்தேன். வாங்கியவன் நானென்றாலும் உரிமைக்காரி யாரென்பதில் அந்தக் கோழிக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. மொறிஸ் மைனரை முதன்முதலில் கண்ட நஃபீல்ட் பிரபு, தம் சொந்தக் கம்பனியின் காரென்றும் பாராமல், ஓடு நீக்கி அவித்த முட்டை போலிருக்கிறது என்று ஏளனம் செய்ததாகச் சொல்வார்கள். அவருக்கு எங்கள் கொட்டிலைக் காட்டியிருக்க வேண்டும்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார் அது. பின்னாளில் மினியை வடிவமைத்தவரும் அவரே. மாதிரி வண்டி முடிந்த பிறகு ஒடுக்கமாகத் தோன்றியதால், அதை நடுவால் அறுத்து நாலு அங்குலம் அகட்டினார். அந்த நாலு அங்குலம் மூடியின் நடுவே ஒரு பட்டியாகக் கடைசிவரை தெரிந்தது. என்னுடையது 1954ஆம் ஆண்டுக் கார்; 803 சீ.சீ. இயந்திரம், இரண்டாகப் பிளந்த முன்கண்ணாடி. திரும்பும்போது பக்கத்துத் தூணிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு கை எழும்பி நிற்கும். இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்தால் விளையாட்டுச் சாமான் என்பார்கள்.

அதன் இலக்கத்தகட்டைப் பற்றி அப்போதிக்கரி ஐயாவுக்கு ஒரு பெருமை இருந்தது. “இது ஸ்ரீக்கு முந்தின கார்” என்பார். 1957 ஜனவரியில் புதிய வாகனங்களின் இலக்கத்தில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து புகுந்தது. அதற்கு முந்தியவற்றில் ஆங்கில எழுத்துக்களே இருந்தன. 1958இல் அந்த எழுத்தைத் தாங்கிய அரச பஸ்கள் வடக்குக்கு வந்தபோது தமிழரசுக் கட்சி அதன்மீது தார் பூசியது. தெற்கில் தமிழெழுத்துப் பலகைகளில் தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் இரத்தம் சிந்தியது. ஒரு தகட்டில் எழுதிய ஓர் எழுத்துக்காக என்று இளையவர்கள் வியக்கக்கூடும். எழுத்துக்காக மட்டும் எந்த நாட்டிலும் யாரும் அடிபடுவதில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் ஓடாத காரை ஓடவைத்தவர் காத்தான்குடிக் காக்கா ஒருவர். 1990இல் எங்கள் இரு சமூகங்களுக்குமிடையே விழுந்த இரத்தக் கோடு அப்போதும் காய்ந்திருக்கவில்லை. தமிழன் ஒருவன் காத்தான்குடிக் கராஜில் மாலை மாலையாகப் போய் உட்கார்ந்திருப்பதை எங்கள் பக்கத்தில் சிலர் விரும்பவில்லை. காக்காவின் பக்கத்திலும் சிலர் விரும்பியிருக்க மாட்டார்கள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு மாதம் பேசியதெல்லாம் கிறீஸ் பற்றித்தான். மொறிஸ் மைனரின் முன்சில்லைத் தாங்கும் கீழ்மூட்டு கிறீஸ் காணாமல் தேய்ந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லு மடிந்து விழும். “சேர், நீங்க ஒரு நேரம் பட்டினி கிடந்தாலும் இதப் பட்டினி போடாதீங்க” என்பார்.

உதிரிப்பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் அலைந்தோம். இதில் வேடிக்கை என்னவென்றால், 1990களில் இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்க வேண்டிய பாகங்களை இலங்கையில் செய்வித்து எடுத்தார்கள். அவர்கள் கைவிட்ட கைத்தொழில் எங்களிடம் உயிரோடிருந்ததற்குக் காரணம் எங்கள் பழைமைப் பற்று அன்று. 1960களின் தொடக்கம் முதல் 1977 வரை கார் இறக்குமதி கடும் கட்டுப்பாட்டில் இருந்தது. புதிது வராது என்றால் பழையதைச் சாகவிடக் கூடாது, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பொருளாதாரத் தடை நிலவிய 1990களின் முற்பகுதியில், நாலு சொட்டுப் பெற்றோலில் இயந்திரத்தை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். மொறிஸ் மைனரும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் அதையும் குடித்துக்கொண்டு, புகைந்துகொண்டு ஓடின.

முதற்பயணம் அம்மாவுடன் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரருக்கு. வாவியின் எழுவான்கரையில் இருந்த எங்களுக்குப் படுவான்கரைக் கோயில் கண்ணுக்கெட்டும் தூரம். ஆனால் அம்மா 1990க்குப் பிறகு போனதில்லை. மண்முனைத் துறையில் பாலம் வந்தது 2014இல்தான். அன்று பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும். பாதை என்றால் வெளியூர் வாசகர்கள் ஒற்றையடிப் பாதையென்று எண்ணக்கூடாது. மிதவைமேல் பலகையிட்டு ஆட்களையும் சாமான்களையும் அக்கரைக்குக் கொண்டுபோகும் படகை நாங்கள் பாதை என்போம். நான் காரை நம்பி வலையிறவுப் பாலம், வவுணதீவு வழியாகச் சுற்றிப் போனேன். இராணுவச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் காரைச் சுற்றி வந்து, அந்தச் சிறு கையை எழுப்பிக் காட்டச் சொன்னான். தன் பாட்டனாரிடம் இப்படியொன்று இருந்ததாம். கொஞ்சத் தூரம் போக, மறுபக்கத்துச் சாவடியில் நின்ற பையனும் கையைத்தான் எழுப்பச் சொன்னான். அவனுக்குப் பாட்டனார் கதையேதும் இல்லை. சும்மா பார்க்க ஆசை. அம்மா இருவருக்கும் திருநீறு கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். திரும்பும்போது கொடுத்தும் விட்டார்.

இனி, தட்டல்களைப் பற்றி.

நான் இருந்தது கல்லடியில். பெரியாஸ்பத்திரி நகரத்தில். நடுவில் வாவி, அதன்மேல் 1924இல் கட்டிய லேடி மனிங் பாலம்; ஒரு வாகனம் மட்டுமே போகக்கூடிய ஒற்றை வழி இரும்புப் பாலம். பக்கத்தில் புதிய பாலம் வந்தது 2013இல். இரவில் பாலத்தடியில் சாவடி. முச்சக்கர வண்டிக்காரர்கள் இருட்டியபின் வரத் தயங்கிய காலம். ஆகவே ஒழுங்கையில் கார் நிற்கும் வீடு எதுவென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிரசவ வலி, முட்டு, நெஞ்சு நோ, மண்ணெண்ணெய் குடித்த குழந்தை என்று மாதத்தில் இரண்டு மூன்று தடவை கேற் தட்டப்படும். சாவியைத் திருப்பினால் எஸ்.யூ. பெற்றோல் பம்ப் டிக் டிக்கென்று அடிக்கத் தொடங்கும். சில இரவுகளில் அடிக்காது. அப்போது இறங்கி மூடியைத் திறந்து, அதன் தலையில் திருகு சாவியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்ட வேண்டும். பின்னால் ஒருத்தி வலியில் முனகிக்கொண்டிருக்க, பம்ப் அடிக்குமா அடிக்காதா என்று காத்திருந்த அந்தக் கணங்களைப் போல் நீண்ட கணங்கள் என் தொழிலிலும் வந்ததில்லை. காசு யாரிடமும் வாங்கியதில்லை. மறுநாள் கொடுவாவோ இறாலோ ஒரு முட்டித் தயிரோ வரும். கொழுத்திருந்தோம்.

வரவுசெலவுத் திட்ட உரைகளில் கார் என்ற சொல்லுக்கு அருகில் எப்போதும் ‘சொகுசு’ என்ற சொல் நிற்கும். அந்த உரைகளை எழுதியவர்களைக் கல்லடியில் ஒரு மாதம் குடியிருத்தியிருக்க வேண்டும் என்பது என் பழைய கோபம். பஸ்ஸும் அம்புலன்ஸும் இல்லாத இடத்தில் கார் எப்படிச் சொகுசாகும்? அதே வேளையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பழைய கார்களைப் பற்றிக் கண்கலங்கி எழுதுகிற நம்மவர்களையும், குறிப்பாகப் புலம்பெயர்ந்த நண்பர்களையும், நான் முழுதாக நம்புவதில்லை. காரும் கடவுள்போல் இருந்தது, ஊரும் ஒன்றாக இருந்தது என்கிறார்கள். என் கதையில் ஒரு இரவு அப்படி இல்லை.

2004 மே 31ஆம் திகதி காலை, பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு எங்களில் பலர் வீட்டில் படுப்பதில்லை, படுத்தவர்கள் தூங்குவதில்லை. ஜூனில் ஒரு இரவு, ஒரு மணி கடந்திருக்கும், கேற் தட்டப்பட்டது. பெயர் சொல்லி அழைத்தார்கள். பழகிய குரல்போலும் இருந்தது, இல்லாதது போலும் இருந்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விளக்குப் போடவில்லை. மூச்சுக்கூட விடவில்லை என்றே சொல்ல வேண்டும். மூன்று முறை தட்டிவிட்டுப் போனார்கள்.

விடிந்தபின் தெரிந்தது. பின்ஒழுங்கையில் ஒரு மீனவக் குடும்பம், முதற்பிரசவம். அந்தப் பெண்ணைத் துவிச்சக்கர வண்டியின் பின்னால் இருத்தி, இருவர் தாங்கிப் பிடிக்க, பாலத்தால் நடத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நான் போய்ப் பார்த்து, “கார் பழுதாகிக் கிடந்தது” என்றேன். “ஓம் ஐயா” என்றார்கள். அன்று பின்னேரம் தேவையில்லாமல் காருக்குக் கிறீஸ் போட்டேன்.

ஆறு மாதம் கழித்து டிசெம்பர் 26. நாவலடியையும் திருச்செந்தூரையும் கடல் கொண்டுபோன காலை. எத்தனை தடவை பாலம் கடந்தேன் என்று எண்ணவில்லை; யாரை ஏற்றினேன் என்றும் எழுதப்போவதில்லை. ஜூன் கணக்கு அதில் கழிந்தது என்று யாரேனும் சொன்னால் ஏற்கமாட்டேன். அன்று கார் வைத்திருந்த எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். கடற்பக்க ஒழுங்கைகளில் தேங்கிய உப்புநீருக்குள் திரும்பத் திரும்ப இறங்கியதில் அதன் அடித்தட்டு போயிற்று. மொறிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தரைத்தகடுதான் அதன் முதுகெலும்பு. காக்கா இரண்டு தடவை ஒட்டுப்போட்டார். மூன்றாம் தடவை தலையை ஆட்டினார்.

2008இல் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அவர் அனுப்பிய படத்தில் கருஞ்சிவப்புப் பூச்சோடு, திருமணத்துக்குப் பூ கட்டி நின்றது. அழகாகத்தான் இருந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இளம் நிருபர் சொன்ன 1990 அம்புலன்ஸ், இந்திய உதவியுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்தது. கிழக்கில் பிழைத்தவர்களுக்கு 1990 என்றால் ஆண்டாகத்தான் முதலில் காதில் விழும். அந்த எண்ணைத் தெரிவு செய்தவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. என் காரைவிட அந்தச் சேவை ஆயிரம் மடங்கு மேலானது. பயத்தில் மூச்சடக்கிக் கிடக்கும் ஒரு தனி மனிதனின் கேற்றை நம்பி எந்தப் பெண்ணும் பிள்ளை பெறக்கூடாது.

2022 ஜூலையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூ.ஆர். அட்டை வந்த நாட்களில், என் இப்போதைய ஜப்பான் காரோடு பெற்றோல் வரிசையில் நின்றேன். அடுத்த பக்கம் மண்ணெண்ணெய் வரிசை. அதில் கானோடு நின்ற ஒரு பெண் என்னையே பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார். பின்ஒழுங்கைக்காரி. மகளுக்கு வயது பதினெட்டு, உயர்தரம் படிக்கிறாள் என்றார்.

“அந்தப் பழைய கார் எங்க ஐயா? அண்டைக்கு இராவு பழுதாக் கிடந்த கார்?”

“வித்துட்டன் தங்கச்சி.”

“ஓம்,” என்றார். பிறகு வரிசை நகர்ந்தது. கானை எடுத்துக்கொண்டு போனார்.